முப்பிடாதியின் கள்ளமடை

புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாணல்குளத்து ஆட்கள் அத்தனை பேருக்கும், தொடை தொடங்குகிற இடத்திலிருந்து பெருவிரல் நகம் வரைக்கும், தோலும் சதையும் கண்ணாடியாகிப் போயின. காரணம் யாருக்கும் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியவில்லை, அதனால் அதைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். வலி இல்லை, சத்தம் இல்லை, தொட்டால் பழைய தோல் மாதிரியேதான் இருந்தது, கொசு கடித்தால் அரித்தது, முள் ஏறினால் குத்தியது. பார்த்தால் மட்டும் உள்ளே எலும்பு வெள்ளை நிழலாக நிற்க, அதைச் சுற்றிக்கொண்டு சிவப்பாக ஒன்று துடித்துத் துடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சண்முகக்கனி வாசல் தெளிக்க வாளியோடு வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகக் குனிந்தவள், வாளியை அப்படியே விட்டுவிட்டாள். பதினேழு வயது, பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். வீட்டில் கஷ்டம், அதனால் நின்றாள் என்று யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும், பள்ளிக்கூடம் அலுத்துப்போனது, அவ்வளவுதான். தமனி சிவப்பு, சிரை நீலம் என்று இரண்டு கோட்டைப் பரீட்சைக்காக அவள் பலமுறை வரைந்திருக்கிறாள். இப்போது அவளுக்குள் ஓடியது கோடு இல்லை. இதயம் மேலேயிருந்து ஒரு தள்ளு தள்ளியதும் அந்தக் குழாய் உப்பியது, தள்ளு ஓய்ந்ததும் குழாயே தன்னைச் சுருக்கி மிச்சத்தையும் பிழிந்து கீழே அனுப்பியது, மறுபடி உப்பியது. இத்தனை நாளும் இது நான் கேட்காமலே நடந்துகொண்டிருந்ததா என்று அவள் தொடையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"எம்மா, இங்கன வா" என்றாள்.

அம்மா பூரணம் அடுப்படியிலிருந்து, "நீ இங்கன வாட்டி. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள்.

முதல் மூன்று நாள் ஊரில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, எல்லாரும் குனிந்தே நடந்தார்கள், நடந்து ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதினார்கள். நான்காம் நாள் பெண்கள் சேலையைத் தரை கூட்டுகிற அளவுக்கு இறக்கிக் கட்டினார்கள், ஐந்தாம் நாள் நாற்றங்காலில் இறங்கவேண்டியிருந்ததால் ஏற்றிக் கட்டினார்கள், அதற்குப் பிறகு வெட்கம் என்பது வேலைக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். பொய் சொல்லுகிறவனுக்குத் தொடையில் ஓட்டம் தாறுமாறாவதைப் பார்த்துவிட்டு ரேஷன் கடைக்காரர் மேசைக்குக் கீழே சாக்கைத் தொங்கவிட்டார், சின்னப்பிள்ளைகள் ஒருத்தி துடிப்புக்கு இன்னொருத்தி நொண்டியடித்து விளையாடினார்கள், பெண் பார்க்க வந்த கோவில்பட்டிக்காரர்கள் பெண்ணைப் பாடச் சொல்லாமல் நிற்கச் சொன்னார்கள், பீடியை ஒரு இழுப்பு இழுத்ததும் விரல்நுனிக் குழாய்கள் உப்பு பட்ட புழுவாகச் சுருங்குவதைத் தன் காலிலேயே பார்த்துவிட்ட தபால்காரர் கட்டோடு வாய்க்காலில் எறிந்தார்.

ஊர் எல்லை மதகுப்பாலம். பாலத்தைத் தாண்டினால் கால் பழையபடி தோலாகிவிடும், திரும்பி வந்தால் கண்ணாடி. சுகாதார நர்ஸ் ஜெபமணி தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் வரும்போது பாலத்தின் நடுவில் தன் கால்களைப் பார்த்துவிட்டு வண்டியைக் கைப்பிடிச்சுவரில் சாய்த்துவைத்துக் கொஞ்சநேரம் ஜெபித்தாள். பிறகு, "அரசாங்கத்துக்கு எழுதினா என்னையத்தான் ஆஸ்பத்திரில சேப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஊசி போட வந்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்தும் பத்து நாளாக ஒரே ஒரு ஆள் காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அது கனியின் அப்பா முப்பிடாதி.

முப்பிடாதிதான் ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். பெரிய வாய்க்காலிலிருந்து பிரியும் முதல் மடை, நடுமடை, கடைசி மடை, இந்த மூன்றையும் முறைப்படி திறந்து அடைத்து, யார் வயலும் காயாமல், யார் வயலும் மிதக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதைவிடப் பெரிய வேலை கள்ளமடை அடைப்பது. கரையை ராவோடு ராவாக வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் இழுத்துக்கொள்கிற வெட்டுக்குத்தான் நாணல்குளத்தில் கள்ளமடை என்று பெயர். கடைசி மடைக்கு முறை வருகிற நாளில் ஊரே மண்வெட்டியோடு கரைமேல் நடந்து, அத்தனை கள்ளமடையையும் அடைத்து, அதன்பிறகுதான் தண்ணீர் விடும். மச்சான் வெட்டியதென்றும் முப்பிடாதி பார்க்கமாட்டார், கோயிலுக்கு விட்ட வயலென்றும் பார்க்கமாட்டார்.

அந்த மனிதர் பத்து நாளாகக் கைலியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, யாராவது எதிரே வந்தால் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றுகொண்டார். கனிக்குச் சந்தேகம் வந்தது. பதினோராம் நாள் கஞ்சித் தூக்குவாளியோடு போனபோது அவர் முதல் மடைக்கும் நடுமடைக்கும் நடுவில், இடதுகாலை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இங்கன உக்காந்திருக்க?"

"சும்மா. செத்த நேரத்துல சரியாயிரும்."

"டெய்லியுமா?"

"கெண்டைக்கால் பிடிச்சுக்கிடுது. உக்காந்தா விட்டுருது. நடந்தா பிடிக்குது. வயசாகுதுல்லா."

கனி கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை இல்லை. குனிந்து கைலியைத் தூக்கிவிட்டாள்.

வலதுகாலில் எல்லாம் ஊரார் காலில் இருப்பதுபோலவே இருந்தது. கவட்டுக்குள் நுழைகிற பெரிய தமனி தொடையின் உள்பக்கமாக இறங்கி, முட்டிக்கு மேலே பின்பக்கம் திரும்பி, முட்டிக்குழி வழியாகக் கீழே போய்ப் பிரிந்து, ஒன்று இரண்டு எலும்புக்கு நடுவே முன்னால் வந்து பாதத்தின் மேல்புறத்துக்கு ஓடியது, ஒன்று பின்னாலேயே போய் உள்கணுக்காலைச் சுற்றி உள்ளங்காலுக்குப் போனது. இடதுகாலிலும் தொடை பாதிவரை அதே ஓட்டம்தான். அதற்குக் கீழே, முட்டிக்கு ஒரு சாண் மேலே, பெரிய தமனி நின்றுபோயிருந்தது. உள்ளே மஞ்சளும் கறுப்புமாக ஏதோ படிந்து, தேங்காய்நார் அடைத்த குழாய் மாதிரி, துடிப்பே இல்லாமல் ஒரு விரல் நீளத்துக்குச் செத்துக் கிடந்தது. அடைப்புக்கு மேலேயிருந்து ஏழெட்டு மெல்லிய குழாய்கள், நூல் கணக்கில், கோணலும் மாணலுமாகப் பிரிந்து தொடையைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போயின.

கனி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார் அப்பா. "ஊருக்குள்ள சொல்லாதட்டி. தண்ணி பாய்ச்சுதவன் காலுக்குள்ளயே அடைப்புன்னா சிரிப்பானுவ."

அவள் சொல்லவில்லை. ஆனால் கரைமேல் நின்று வரப்புக்கு வரப்பு எட்டிப்பார்க்கிற ஊர் அது. சாயங்காலத்துக்குள் பாசன சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பிடாதியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தூர்ந்த வாய்க்காலைப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்தார்.

"வே முப்பிடாதி, ஒமக்கு என்ன கோளாறுன்னு தெரியுதா? மேல தண்ணி நல்லா வருது. கடைமடைக்குப் போகல. ஏன் போகல? நடுவுல எட்டுக் கள்ளமடை."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஆமாம், எட்டுக் கள்ளமடை. இவ்வளவு வெளிச்சமாக ஒரு விஷயம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது அதை வேறு மாதிரி நினைக்க அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து வெட்டுகளையெல்லாம் அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறும், ஏறினால் தள்ளும், தள்ளினால் தூர் அடித்துக்கொண்டு போகும்; முப்பது வருஷமாக வாய்க்காலில் நடந்தது காலில் ஏன் நடக்காது?

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்" என்றாள் பூரணம்.

"பாலம் தாண்டினா தோல் மூடிக்கிடும். டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார் நயினார். "இங்கன பளிச்சுன்னு தெரியுது. நாமளே அடைச்சிருவோம்."

முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அவமானம் அப்பிக் கிடந்தது. "அடைங்க" என்றார். "எவனோட கள்ளமடையையும் நான் விட்டதில்ல. எங்காலுக்குள்ள எட்டு வச்சிக்கிட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட மம்பட்டி எடுப்பேன்?"

மறுநாள் காலையில் பாசன சங்கக் கட்டடத்தில் பெஞ்சைப் போட்டு அவரைப் படுக்கவைத்தார்கள். களிமண்ணை எலுமிச்சங்காய் அளவு உருட்டித் துணியில் பொதிந்து, சின்னக் குழாய் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்றாக எட்டு உருண்டை வைத்தார்கள். அதற்குமேல் ஈரச்சாக்கைச் சுற்றி, தென்னங்கயிற்றால் மடைக்குப் போடுகிற முடிச்சே போட்டார்கள். கயிற்றின் ஒரு முனையை நயினார் பிடித்தார், இன்னொரு முனையைப் பிடித்து இழுத்தது கனி. இதை மறைக்க ஒன்றுமில்லை. அவளும் நம்பினாள். அப்பா பாதி வழியில் உட்காராமல் நடக்கவேண்டும், இன்றைக்கே நடக்கவேண்டும் என்று இருந்தது அவளுக்கு, ஆறப்போட அவளால் முடியாது. காலை ஊன்றி உடம்பைச் சாய்த்து இழுத்தாள்.

கீழே நூல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"முதல் மடையிலருந்து கடைசி மடைக்குத் தண்ணி போற நேரம் பொறுக்கணும்" என்றார் நயினார். அது ஒன்றரை மணி நேரம். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ டீ வாங்கிவந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் முப்பிடாதிக்கு வேர்த்தது. துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டார். பெரிய தமனி அடைப்புக்கு மேலே வந்து முட்டியது, முட்டி முட்டி உப்பியது, அடைப்பு அசையவில்லை. அதற்குக் கீழே கண்ணாடிக்குள் இருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது, முதலில் கெண்டை, அப்புறம் குதிகால், அப்புறம் விரல்கள், கடைசியில் பாதம் முழுக்க உரித்த பனங்கிழங்கு நிறத்துக்கு வந்துவிட்டது.

"மாமா, கீழ ஒண்ணுமே ஓடல" என்றாள் கனி.

"ஓடாது. கள்ளமடைய அடைச்சதும் கடைமடை முதல்ல காயும். காஞ்சுதான் தண்ணி ஏறும். நீ எத்தன வருசம் பாத்திருக்க?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அதுவும் உண்மைதான், வாய்க்காலில்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. முப்பிடாதி துண்டை வாயிலிருந்து எடுத்தார். "வலி நின்னுட்டு" என்றார்.

கட்டடத்துக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தியளா" என்றார்.

கனிக்கு மட்டும் அந்தப் பாதத்தின் நிறம் பிடிக்கவில்லை. கிட்டப்போய் அப்பாவின் கடைசி விரலைப் பிடித்தாள். வெயில் அடிக்கிற பகலில் அது கிணற்றுக் கல்லாகக் குளிர்ந்திருந்தது.

"எப்பா, கண்ண மூடு. எந்த விரலத் தொடுதேன், சொல்லு."

முப்பிடாதி கண்ணை மூடினார். கனி நகத்தை அழுத்தினாள். அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்து, நகம் பதிகிற அளவுக்கு, தன் பலம் முழுவதையும் போட்டு அழுத்தினாள்.

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "தொடு தாயி. இன்னும் தொடலியே."

அந்தக் கட்டடத்தில் இருந்த முப்பது பேர் கால்களிலும் ஓட்டம் ஒரே நேரத்தில் தடுமாறியதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். கனி யாரையும் கேட்கவில்லை. கட்டடத்து மூலையில் சாய்த்துவைத்திருந்த கதிர் அரிவாளை எடுத்து, கயிற்றுக்கடியில் கொடுத்து, மேல்நோக்கி இழுத்தாள். சாக்கு கிழிந்தது, களிமண் உருண்டைகள் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டன.

"ஏட்டி, இன்னும் நேரம் ஆகல" என்றார் நயினார்.

"நேரமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க சும்மா இருங்க மாமா."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு நேரம் பொறுத்ததில்லை. பிறகு தொடையைச் சுற்றிக்கொண்டு போன நூல்களில் ஒன்று சிவந்தது. அடுத்தது சிவந்தது. கனி விரலால் அதைப் பின்தொடர்ந்தாள்; கோணலாக வளைந்து, முட்டியின் பக்கவாட்டில் இறங்கி, எங்கேயோ போவதாக எல்லாரும் நினைத்த அந்த நூல், முட்டிக்குக் கீழே திரும்பி, அடைப்பைத் தாண்டி, அதே பெரிய தமனியில் போய்ச் சேர்ந்தது. எட்டும் அப்படித்தான். ஒன்றுகூட எந்த வயலுக்கும் தண்ணீர் திருடிக்கொண்டு போகவில்லை. பெரிய வழி அடைபட்டுப்போக அடைபட்டுப்போக, யார் உத்தரவும் கேட்காமல், ராவோடு ராவாகக் கரையை வெட்டிக்கொண்டு, இத்தனை நாளும் கடைமடைக்குச் சோறு போட்டதே அவைதான்.

"எல்லாம் சுத்திட்டு இங்கனதான் வந்து சேருது" என்றாள் கனி. "நாமதான் கொன்னுட்டு இருந்திருக்கோம்."

நயினாரின் தொடையில் ஓட்டம் வெகுநேரம் அடங்கவில்லை.

வேன் பிடித்துப் பாலத்தைத் தாண்டும்போது அந்தக் கால் தோலால் மூடிக்கொண்டது. சுருட்டை முடியும் பழைய தழும்புமாக, எதுவுமே நடக்காதது மாதிரி, சாதாரணக் காலாகக் கிடந்தது. பார்த்ததில் கனியை அதிகம் பதறவைத்தது அதுதான். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணால் பார்க்கவே இல்லை, இரண்டு விரலால் பார்த்தார். கவட்டில் வைத்தார், முட்டிக்குழியில் வைத்தார், உள்கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார், பாதத்தின் மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெயின் அடைச்சு ரொம்ப நாளாச்சு. பக்கத்துச் சின்னது எல்லாம் சேர்ந்து காப்பாத்திட்டு இருக்கு. கயித்துத் தடம் கிடக்கே, யார் கட்டினது இது?"

"நான்தான்" என்றாள் கனி.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, திட்டாமல் விட்டார். கடைசி இரண்டு விரல்களும் பிழைக்கவில்லை, ஒரு வாரத்தில் கறுத்தன, எடுத்துவிட்டார்கள். "பெரிய அடைப்பை அப்புறம் பாப்போம். பீடி இனிமே கிடையாது. புண் ஆறினதும் நடக்கணும், வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, வலி போனதும் மறுபடி நடக்கணும். நடக்க நடக்கச் சின்னது பெருக்கும்" என்றார்.

அதன்பிறகு தினமும் காலையில் அப்பாவும் மகளும் கரைமேல் நடந்தார்கள். முதல் வாரம் ஒரு பனைமரத்திலிருந்து அடுத்த பனைமரம். பிடித்துக்கொண்டதும் அவர் நிற்பார், அவள் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பாள்.

"நடப்பா."

"இருட்டி. பிடிச்சிருக்குல்லா."

"பிடிப்பு விட்டுட்டு. எனக்குத் தெரியுது. நட."

"எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுதோ?"

"ஆமா. ஒன் கெண்டைக்கால் ஒன்னையவிட எங்கூடத்தான் பேசுது."

மூன்றாம் வாரம் நயினார் கரைக்கு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை, அன்றைக்கும் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றார். "எங்காலயும் ஒருவாட்டி பாருட்டி" என்றார். கனி பார்த்தாள். "பீடிய விடுங்க மாமா. இப்பவே" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கரைமேல் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

ஐப்பசி முடியும்போது முப்பிடாதி நடுமடை வரைக்கும் உட்காராமல் நடந்துவிட்டார். முதல்நாள் நூலாக இருந்த ஒன்று, தொடையின் வெளிப்பக்கமாகப் போவது, கீரைத்தண்டு கனத்துக்கு வந்திருந்தது. கனி அதையேதான் தினமும் பார்ப்பாள். அதற்கு மனசுக்குள் ஒரு பெயர்கூட வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் எல்லாருடைய கால்களும் தோலாகிவிட்டன.

கண்ணாடி வந்தபோது பயந்ததைவிட ஊர் அப்போதுதான் அதிகம் பயந்தது. பெண்கள் தங்கள் கால்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள், சின்னப்பிள்ளைகள் அழுதன, தபால்காரர் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பித் திரும்பி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல்தான் இதற்கு முன் அத்தனை வருஷமும் இருந்தோம் என்பதை யாராலும் நம்பமுடியவில்லை.

கனி ஓடினாள். முப்பிடாதி கடைசி மடையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முதல் மடையிலிருந்து அங்கே வரை முழுக்க நடந்துதான் வந்திருக்கவேண்டும். மூன்று விரல் பாதம் சேறாக இருந்தது. அவள் அவரைக் கரையில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் எடுத்துவைத்து, பாவாடையால் சேற்றைத் துடைத்துவிட்டு, டாக்டர் வைத்த இடத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் இல்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் விரல்நுனி வரைக்கும் வந்து தொந்தரவு செய்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முப்பது வருஷமாகக் கடைசி மடையில் நின்று மேல்மடைக்காரனைப் பார்த்துக் கேட்கிற அதே குரலில், கொஞ்சம் நடுக்கத்தோடு, அப்பா கேட்டார்: "ஓடுதாட்டி?"

விரலை இன்னும் லேசாக்கினாள். அழுத்தாமல், தொட்டும் தொடாமல். பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில், எங்கோ வெகு ஆழத்திலிருந்து, மெதுவாக ஒன்று வந்து முட்டியது. போனது. மறுபடி வந்து முட்டியது.

"ஓடுது" என்றாள் கனி. "கள்ளமடைத் தண்ணிதான்."

முப்பிடாதி மண்வெட்டியைக் கரையில் சாய்த்தார்.

"ஓடட்டும்" என்றார்.